மண்ணுக்குள் புதைந்த பழைய இரும்பு உலையைத் தோண்டாமல் கண்டுபிடிப்பது எப்படி

செம்மண் காட்டில் ஏர் ஓட்டும்போது கறுப்பாக ஒரு துண்டு தட்டுப்படும். கையில் எடுத்தால் அதே அளவுள்ள கல்லைவிடக் கனமாக இருக்கும். ஒரு பக்கம் மெழுகு வழிந்து உறைந்ததுபோல் வரிவரியாக, உடைந்த பக்கம் குமிழ்குமிழாக இருந்தால் அது இரும்புக் கசடு. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலிலும், உருக்கு செய்த மூசையின் (உலோகம் உருக்கும் மண்கலத்தின்) துண்டுகள் கிடைத்த மேல்சிறுவலூரிலும் பழைய இரும்புத் தொழிலை நமக்குக் காட்டிக்கொடுத்தவை இப்படிப்பட்ட கழிவுகள்தான்.

ஆனால் கசடு கிடக்கிற இடமும் உலை இருந்த இடமும் ஒன்றல்ல. உலையை இயக்கியவர்களே கசட்டைத் தள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பின்னால் வந்த உழவர்கள் அதைப் பொறுக்கி வரப்பில் குவித்தார்கள், வண்டித்தடப் பள்ளத்தில் நிரப்பினார்கள். கசட்டுக்குக் கால் உண்டு. உலையின் அடித்தளம் மட்டும் எரிந்த இடத்திலேயே நிற்கும். தேட வேண்டியது அந்த அடித்தளத்தை. பெரும்பாலும் ஒரு மீட்டர் விட்டத்தைச் சுற்றியுள்ள ஒரு சிறு வட்டம் அது. பல ஏக்கரில் அதைக் கண்டுபிடிக்க ஏற்ற வழி காந்த அளவீடு. மின்தடை, தரை ஊடுருவும் ரேடார் போன்றவை அதற்குப் பிறகு வரும் துணைகள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தத் துறைக் கையேடுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய நிலத்தை வைத்து எழுதப்பட்டவை. அவற்றிலுள்ள "வரைபடத்தில் உச்சம் எங்கோ, உலை அங்கே" என்ற விதி தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் செல்லாது. ஏன் என்பதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம். அதைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கினால் உலைக்கு அரை மீட்டர் தள்ளிக் குழி போட்டுவிட்டு "ஒன்றும் இல்லை" என்று எழுதிவிட்டு வருவோம்.

ஏன் காந்தம்

களிமண்ணில் இரும்பு ஆக்சைடு துகள்கள் கலந்திருக்கும். அவற்றில் மேக்னடைட் சுமார் 580 டிகிரி செல்சியஸுக்கு மேலும், ஹெமடைட் சுமார் 680 டிகிரிக்கு மேலும் போனால் தம் காந்தத்தை இழக்கும். ஆறும்போது அந்த நேரத்தில் பூமியின் காந்தப்புலம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் மீண்டும் காந்தமேறி உறைந்துவிடும். இரும்பு பிரிக்கும் உலையின் உட்பகுதி 1,200 டிகிரியைத் தொடும். ஆகவே உட்சுவரும் அடித்தளமும் முழுதாகக் காந்தம் அழிந்து, ஆறும்போது ஒரே திசையில் புதிதாகக் காந்தமேறியவை.

கசட்டின் பெரும்பகுதி இரும்புச் சிலிக்கேட். அதன் காந்தம் அற்பம். ஆனால் அதற்குள் மேக்னடைட் மணிகளும் உலோக இரும்புத் துளிகளும் சிக்கியிருப்பதால் ஒவ்வொரு துண்டும் ஒரு சிறு காந்தம். துண்டுகளைத் தூக்கி எறிந்து குவித்தபோது ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை பார்த்து விழுந்திருக்கும். அதனால் கசட்டு மேட்டின் மேல் நடந்தால் கருவியில் கூட்டலும் கழித்தலும் கலந்து தாறுமாறாகத் துள்ளும். உலையின் மேல் நடந்தால் சுத்தமான ஒரு கூட்டல், ஒரு கழித்தல், இரண்டும் ஏறக்குறைய வடக்கு தெற்காக. உலைக்குழியின் அடியில் அசையாமல் உறைந்து கிடக்கும் கசட்டுக் கட்டியும் உலையைப்போலவே நடந்துகொள்ளும், அது நமக்கு நல்லதே.

நடந்து பார்ப்பதும் கட்டம் போடுவதும்

கருவி எடுப்பதற்கு முன் இரண்டு நாள் நடந்து பார்க்க ஒதுக்குங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணையும் எஃப்.எம்.பி. (புல அளவீட்டுப் புத்தக) வரைபடத்தையும் வாங்கிக்கொண்டு, நில உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்றால் அளவீடு செய்வதற்கே துறையின் அனுமதி வேண்டும். எந்த நிலமானாலும் தொல்லியல் அகழாய்வுக்குத் தனி உரிமம் உண்டு. அளவீட்டுக்கான ஒப்புதலை வைத்துக்கொண்டு மண்வெட்டியைத் தொடக் கூடாது.

நிலத்தை 10 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் பொறுக்கி, கிடைத்ததை அங்கேயே தொங்கு தராசில் நிறுத்து எழுதிவிட்டுத் திரும்பப் போட்டுவிடலாம். கசட்டின் எடையைவிட முக்கியமானவை உலைச்சுவர்த் துண்டுகள். ஒரு பக்கம் செங்கல் நிறம், மறுபக்கம் கறுப்பாகவோ பச்சையாகவோ கண்ணாடிபோல் உருகியிருக்கும். துருத்திக் குழாயின் முனையும் அப்படியே உருகியிருக்கும். இவற்றை யாரும் வேலை மெனக்கெட்டு வேறிடத்துக்குக் கொண்டுபோவதில்லை. எளிதில் நொறுங்குவதால் நெடுந்தூரம் உருளவும் முடியாது. கசடு 40 கிலோ உள்ள சதுரத்தைவிட, கசடு 5 கிலோவும் உருகிய சுவர் அரைக் கிலோவும் உள்ள சதுரம் உலைக்கு அருகில் இருக்க வாய்ப்பு அதிகம். மூசைத் துண்டானால் உடைந்த விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்: களிமண்ணில் கலந்த உமி எரிந்து கரியாய்ப் போன தடம் தெரியலாம். அது உருக்குப் பட்டறையின் அடையாளம்.

நிலத்தின் அமைப்பும் பேசும். இலங்கையில் பலாங்கொடைக்கு அருகே சமனலவெவவில் 7 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரையிலான உலைகள் மேற்கு நோக்கிய மேட்டு விளிம்புகளில் வரிசையாக அமைந்திருந்தன. தென்மேற்குப் பருவக்காற்றே அங்கே துருத்தி. தொல்லியலாளர் கில்லியன் ஜூலெஃப் அதே வடிவில் உலை கட்டி இயக்கிக் காட்டி 1996-இல் நேச்சர் இதழில் எழுதினார். அப்படிப்பட்ட நிலத்தில் கசடு சரிவில் கீழே இருக்கும், உலை மேலே விளிம்பில் இருக்கும். கசடு கண்ட இடத்தில் கட்டம் போட்டால் உலை கட்டத்துக்கு வெளியே போய்விடும். எங்கே சரிவு இருக்கிறதோ அங்கே கசட்டுப் பரப்பிலிருந்து மேல்நோக்கி 20 மீட்டராவது சேர்த்து அளக்கவும்.

கட்டம் 20 மீட்டர் சதுரம். ஒரு பக்கம் காந்த வடக்கைப் பார்க்கட்டும். மூலைகளில் மூங்கில் முளை. இரும்புக் கம்பியும் ஆணியும் வேண்டாம். நாடா கண்ணாடியிழை நாடாவாக இருக்கட்டும், எஃகு நாடா ஆகாது. குறுக்கு நீளம் 28.28 மீட்டர் வருகிறதா என்று பார்த்தால் மூலை சரியா என்று தெரியும், 5 செ.மீ. பிசகு வரை விடலாம். மூலைகளின் இடத்தைச் சென்டிமீட்டர் துல்லியம் தரும் ஆர்.டி.கே. ஜி.பி.எஸ்.ஸில் எடுங்கள். அது இல்லையென்றால் குறைந்தது இரண்டு எல்லைக்கல்லிலிருந்து நாடாவால் அளந்து எழுதுங்கள். கைபேசி ஜி.பி.எஸ். 3 முதல் 5 மீட்டர் வரை தப்பும். ஒரு மீட்டர் உலையைத் திரும்பக் கண்டுபிடிக்க அது உதவாது.

வேலை நிலத்திலிருந்து நூறு மீட்டருக்கு மேல் தள்ளி, அதே மண், ஆனால் கசடே இல்லாத இடத்தில் ஒரு கட்டத்தையும் அளந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் இதைத் தவிர்க்கவே கூடாது. சேலத்துக் கஞ்சமலைபோல் மேக்னடைட் குவார்ட்சைட் பாறையுள்ள வட்டாரங்களில் தாதுக்கல்லே காந்தம். ஓடை மணலில் கறுப்பாகப் படிவதும் மேக்னடைட்டே. டோலரைட் பாறைக் கோடும் சார்னோகைட் பாறையும் எண்ணை ஏற்றி இறக்கும். இயற்கையாகவே அந்த மண் எவ்வளவு துள்ளுகிறது என்று தெரிந்தால்தான் எது உலை என்று சொல்ல முடியும்.

கருவியும் ஆளும் நேரமும்

ஃபிளக்ஸ்கேட் கிரேடியோமீட்டர் இந்த வேலைக்கு வாகான கருவி. ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு உணரிகள், இடைவெளி அரை மீட்டரோ ஒரு மீட்டரோ. கீழ் உணரி காட்டுவதிலிருந்து மேல் உணரி காட்டுவதைக் கழித்துச் செங்குத்துப் புலத்தின் வேறுபாட்டை நானோடெஸ்லா என்ற காந்தப்புல அலகில் தரும். பகல் முழுக்கப் பூமியின் புலம் ஏறி இறங்குவது இரண்டு உணரிக்கும் பொது என்பதால் கழிந்துபோகும். ஒற்றை உணரி கொண்ட புரோட்டான், சீசியம் காந்தமானிகளில் இந்த ஏற்ற இறக்கத்தை நீங்களே கழிக்க வேண்டும். அதற்கு இரண்டாவது கருவி ஒன்றை ஓரிடத்தில் நிறுத்தி ஓடவிட வேண்டும். நம் பகுதிபோல் காந்த நடுக்கோட்டுக்கு (பூமியின் காந்தப்புலம் கிடைமட்டமாக இருக்கும் கோட்டுக்கு) அருகில் நண்பகலை ஒட்டிய ஏற்றம் மற்ற இடங்களைவிடப் பெரிது. நிலைக் கருவி இல்லாத ஒற்றை உணரி வரைபடம் இங்கே நம்பத்தக்கதல்ல.

அளவீட்டு எல்லையைப் பெரிதாக வையுங்கள். ±100 நானோடெஸ்லா எல்லையில் மண்குழியும் கால்வாயும் அழகாகத் தெரியும், ஆனால் உலையின் மேல் கருவி முட்டி நின்றுவிடும். வரைபடத்தில் உச்சி வெட்டிய மேடுபோல் தட்டையாக ஒரு பகுதி வரும், உள்ளே என்ன இருந்தது என்பது போய்விடும். ±1,000 எல்லைக்கு மாற்றினால் நுணுக்கம் பத்தில் ஒன்றாகக் குறையும், உலை தேடுகிறவர்களுக்கு அது நஷ்டமே இல்லை.

நடை வடக்கு தெற்காக. கோட்டுக்குக் கோடு 0.5 மீட்டர், கோட்டின் மேல் 0.25 மீட்டருக்கு ஓர் அளவு, கிடைத்தால் 0.125. பொதுவான தொல்லியல் அளவீட்டுக்குச் சொல்லப்படும் 1 மீட்டர் கோட்டு இடைவெளி இங்கே போதாது: ஒரு மீட்டர் உலை இரண்டு கோட்டுக்கு நடுவில் விழுந்து இளைத்துப்போகும். 20 மீட்டர் கட்டத்தில் 40 கோடுகள், 800 மீட்டர் நடை. ஒற்றைக் கருவியானால் அரை மணி நேரம். போய்த் திரும்பி அளக்காமல் ஒரே திசையில் நடந்தால் நேரம் கூடும். ஆனால் வலுவான இலக்குகளின் மேல் அடுத்தடுத்த கோடுகள் பல்லுப் பல்லாக விலகித் தெரிவது நின்றுவிடும். உலை இருக்கலாம் என்று தோன்றும் கட்டங்களில் இந்த நேரத்தைச் செலவழியுங்கள்.

கீழ் உணரி தரையிலிருந்து 20 முதல் 30 செ.மீ. உயரம். அறுவடை முடிந்த தாள் கட்டை கணுக்கால் உயரத்துக்கு மேல் இருந்தால் கருவி ஆடும். ஆட்டுக்குட்டியை விட்டு மேய்த்த நிலம் நல்லது, புதிதாக உழுத நிலம் மோசம்.

கருவியைத் தூக்குகிறவர் உடலில் இரும்பு இருக்கக் கூடாது. பெல்ட், சாவி, கைபேசி, கைக்கடிகாரம் என்று எல்லாருக்கும் தெரிந்தவை போக, மறந்துபோகிறவை வேறு: சேலையிலும் துப்பட்டாவிலும் குத்திய ஊக்கு, காற்சட்டையின் ஜிப், மூக்குக்கண்ணாடிச் சட்டம், செருப்பின் உள் ஆணி, இரும்புத் தகடு வைத்த தாயத்து. சோதனை எளிது. கருவியைத் தரையில் நிறுத்தி, ஆள் அருகில் வந்து நின்று விலகட்டும். எண் 1 நானோடெஸ்லாவுக்கு மேல் அசைந்தால் ஏதோ இருக்கிறது.

வெயிலில் உணரிகள் சூடேறினால் எண் மெல்ல நழுவும். நிழலில் 20 நிமிடம் ஓடவிட்டு, காலை 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் முடிப்பதே சரி. ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் காந்தச் சலனம் இல்லாத ஒரே இடத்துக்கு வந்து நான்கு திசையும் திரும்பிச் சமன் செய்யுங்கள். அந்த இடத்தை முளை அடித்துக் காலையிலேயே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். கசட்டு மேட்டின் மேல் நின்று சமன் செய்த கருவி அன்று முழுக்கப் பொய் சொல்லும்.

எண்களை வாசிப்பது

பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963-இல் இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவக் கேரளத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கே அதுதான் காரணம். இங்கே காந்தப்புலம் ஏறக்குறையப் படுத்துக் கிடக்கிறது: கிடைமட்டத்திலிருந்து அது சாயும் கோணம் (சாய்வு கோணம்) தமிழ்நாடு முழுக்க 0 முதல் 15 டிகிரிக்குள் அடங்கும். இங்கிலாந்திலும் டென்மார்க்கிலும் அது 65 முதல் 70 டிகிரி. அங்கே உலையின் காந்தம் கீழ்நோக்கிக் குத்தி நிற்பதால் பெரிய கூட்டல் உச்சம் உலைக்கு ஏறக்குறைய நேர் மேலே வரும், வடக்கே மெலிந்த கழித்தல் நிழல் இருக்கும். இங்கே உலையின் காந்தம் வடக்கு பார்த்துப் படுத்திருக்கிறது. செங்குத்து உணரியில் அது தெற்கே ஒரு கூட்டல் உச்சம், வடக்கே ஏறக்குறைய அதே அளவு கழித்தல் பள்ளம் என்று பதியும். உலை இருப்பது இரண்டுக்கும் நடுவில், எண் பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில்.

உதாரணத்துக்கு ஒரே கோட்டில் தெற்கிலிருந்து வடக்காக, 0.25 மீட்டருக்கு ஒன்றாக இப்படி எண்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம்: 4, 12, 45, 190, 340, 120, −130, −320, −170, −40, −10, −3. உச்சம் 340, பள்ளம் −320. இரண்டுக்கும் நடுவே மூன்று இடைவெளி, அதாவது 0.75 மீட்டர். 120-க்கும் −130-க்கும் நடுவில் பூஜ்யம் கடக்கிறது. உலையின் மையம் அதன் கீழே. 340 பதிவான இடத்தில் 50 செ.மீ. அகலக் குழி எடுத்தால் உலையின் தெற்கு விளிம்பை மட்டும் உரசலாம், சிறிய உலையானால் அதுவும் இல்லை.

இந்த எண்களிலிருந்து ஆழமும் கிடைக்கும். உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள தூரம், ஒற்றைச் செங்குத்து உணரியில், உணரியிலிருந்து உலை மையம் வரையுள்ள ஆழத்துக்குச் சமம். இரண்டு உணரிகள் மிக நெருங்கியிருந்தால் தூரம் அந்த ஆழத்தில் 0.78 பங்கு. ஒரு மீட்டர் இடைவெளிக் கருவி இந்த இரண்டுக்கும் நடுவில் விழும். ஆகவே 0.75 மீட்டர் தூரம் என்றால் ஆழம் 0.75 முதல் 0.96 மீட்டருக்குள். உணரியின் உயரம் 0.30 மீட்டரைக் கழித்தால் மையம் தரைக்குக் கீழே 45 முதல் 66 செ.மீ. ஆழத்தில். உலை ஒரு புள்ளி அல்ல, அகலமுள்ளது. அதனால் மேல் விளிம்பு இதைவிட மேலே இருக்கும். உழவு ஆழத்துக்குக் கீழே அடித்தளம் தப்பியிருக்கிறதா என்று முடிவு செய்ய இது போதும்.

சீசியம், புரோட்டான் கருவிகள் மொத்தப் புலத்தை அளப்பவை. அவற்றில் வடிவம் வேறு: உலைக்கு நேர் மேலே பெரிய கழித்தல் பள்ளம், வடக்கிலும் தெற்கிலும் சிறு கூட்டல் மேடு. வரைபடத்தில் கூட்டலைக் காட்டும் சிவப்பை மட்டும் தேடிப் பழகிய கண், கழித்தலைக் காட்டும் நீலத்தைத் தாண்டிப் போய்விடும். எந்தக் கருவி என்று வரைபடத்தின் மூலையில் எழுதாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

இனி திசை. கூட்டலையும் கழித்தலையும் இணைக்கும் கோடு வடக்கு தெற்கிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று ஒவ்வோர் இலக்குக்கும் அளந்து எழுதுங்கள். உலை ஆறிய காலத்துக் காந்தத் திசையும் இன்றைய திசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதால் 25 டிகிரி விலகல் வரை இடம் கொடுக்கலாம். கிழக்கு மேற்காகப் படுத்திருந்தாலோ, வடக்கே கூட்டலும் தெற்கே கழித்தலுமாகத் தலைகீழாக இருந்தாலோ அது எரிந்த இடத்தில் நிற்கும் உலை இல்லை. பெரும்பாலும் மாட்டு லாடம், கொழுமுனை, மண்வெட்டித் துண்டு, டிராக்டர் போல்ட். புலம் படுத்திருக்கும் நம் நிலத்தில் இந்தச் சோதனை வட நாடுகளில் இருப்பதைவிடத் தெளிவாக வேலை செய்கிறது. நமக்குக் கிடைத்த வசதி இது, விடக் கூடாது.

எண்ணின் அளவைப் பொறுத்துப் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். நிரம்பிய மண்குழி சில நானோடெஸ்லா காட்டும், கொல்லன் பட்டறை அடுப்பு பத்துகளில், இரும்பு பிரித்த உலை நூறுகளில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டலாம். ஆனால் ஆழம் இரட்டித்தால் எண் எட்டில் ஒரு பங்காகவும் அதற்குக் கீழும் குறையும். ஒரு மீட்டர் வண்டலுக்குக் கீழே உள்ள உலை, மேலே கிடக்கும் ஒரு லாடத்தைவிட இளைத்துத் தெரியும்.

கசட்டு மேட்டுக்கு அடியிலேயே உலை இருந்தால் என்ன செய்வது? அந்த 10 மீட்டர் சதுரத்தை இரண்டு உயரத்தில் அளங்கள்: கீழ் உணரி ஒரு முறை 20 செ.மீ., அடுத்த முறை 60 செ.மீ. மேற்பரப்பில் கிடக்கும் கசட்டின் துள்ளல் பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். 60 செ.மீ. ஆழத்தில் உள்ள உலையின் எண் மூன்றில் ஒரு பங்காகத்தான் குறையும். இரைச்சல் அடங்கிய இரண்டாவது வரைபடத்தில் வடக்கு தெற்கு ஜோடி தனியே எழுந்து நிற்கும்.

வரைபடத்தைச் செம்மைப்படுத்தும்போது இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. கோடுகளின் சராசரியைப் பூஜ்யமாக்கும் கட்டளையைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால், உலையைக் கடந்த கோடு முழுதும் கீழே இழுபட்டு இருபுறமும் பொய்யான பட்டை வரும். சராசரிக்குப் பதில் இடைநிலை எண்ணை எடுக்கவும், ±5 நானோடெஸ்லாவுக்கு மேற்பட்டவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றும் மென்பொருளிடம் சொல்லுங்கள். இரண்டாவது, காந்தத் துருவத்தில் அளந்திருந்தால் எப்படித் தெரியுமோ அப்படி வரைபடத்தை மாற்றும் "துருவத்துக்கு மாற்று" என்ற கட்டளை. சாய்வு கோணம் குறைந்த இடத்தில் அது வடக்கு தெற்காகக் கோடு கோடாக இழுத்துவிடும். நம் பகுதிக்கு வேண்டாம். நடுக்கோட்டுக்கு மாற்றலாம், அல்லது மென்பொருளில் பகுப்பாய்வுச் சமிக்ஞை (analytic signal) என்ற கணக்கைச் செய்தால் மேடு உலைக்கு ஏறக்குறைய நேர் மேலே வரும். ஒரே தரவை ±10, ±100, ±1,000 என மூன்று நிற அளவில் அச்சிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ±10-இல் முழுக் கட்டமும் கறுப்பு வெள்ளையாகக் கலங்கிக் கிடக்கும். ±1,000-இல் அந்தக் கலக்கத்துக்குள் எது எலும்பு என்று தெரியும்.

உலைபோல் தெரிபவை

மண் எங்கே சுட்டாலும் ஒரே திசைக் காந்தம் ஏறும். செங்கல் சூளை, மட்பாண்டச் சூளை, சுண்ணாம்புக் காளவாய் மூன்றும் வடக்கு தெற்கு ஜோடியைக் காட்டும், ஆனால் அகலம் பல மீட்டர். கொங்குப் பகுதியில் வெல்லம் காய்ச்சிய ஆலை அடுப்பு இன்னும் குழப்பும்: நீண்ட குழி, நன்றாகச் சுட்ட சுவர், பல ஆண்டு எரிந்த தீ. மேலே கசடும் உருகிய சுவரும் இல்லாததே வேறுபாடு. ஊர்ப் பெரியவர்களிடம் ஆலைக்கொட்டகை எங்கே இருந்தது என்று கேட்டுவிட்டுக் கட்டம் போட்டால் ஒரு நாள் மிச்சம். வெளியே தெரியும் பாறையில் இடி விழுந்திருந்தாலும் வலுவான காந்தம் ஏறும். நட்சத்திரம்போல் கிளை விரிந்த வடிவம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஆழ்துளைக் கிணற்றின் இரும்புக் குழாய் தன்னைச் சுற்றிப் பத்துப் பதினைந்து மீட்டர் வரை அளவீட்டைக் கெடுத்துவிடும். கிளுவை வேலி இருந்த இடத்தில் இன்று முள்கம்பி வேலி. அதிலிருந்து நான்கைந்து மீட்டர் விட்டு அளங்கள். வண்டியை 30 மீட்டருக்கு அப்பால் நிறுத்துங்கள்.

கொல்லன் பட்டறை

இரும்பு பிரித்த உலையைவிடக் கொல்லன் பட்டறை சிறியது, அதன் அடுப்பின் காந்தமும் குறைவு. அங்கே நம்ப வேண்டியது சம்மட்டி அடியில் தெறித்த செதில். சுட்ட இரும்பைப் பட்டறைக்கல்லில் வைத்து அடிக்கும்போது மேல்தோல் மெல்லிய தகடாக உதிரும். பற்றவைக்கும்போது உருகிய துளி பறந்து சிறு உருண்டையாக உறையும். இவை காலடியில் மிதிபட்டு அங்கேயே தங்கும்.

0.5 மீட்டருக்கு ஒன்றாக 200 கிராம் மண் எடுத்து, காயவைத்து, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, பாலித்தீன் பைக்குள் போட்ட காந்தத்தால் தடவுங்கள். பையை வெளியே உதறினால் ஒட்டியது விழுந்துவிடும், அதை 0.1 கிராம் வரை காட்டும் தராசில் நிறுங்கள். ஆனால் நம் செம்மண்ணில் இயற்கையான மேக்னடைட் மணலும் காந்தத்தில் ஒட்டும். எடையை மட்டும் நம்பினால் ஓடைப் படுகையெல்லாம் பட்டறையாகிவிடும். ஒவ்வொரு மாதிரியிலிருந்தும் ஒரு சிட்டிகையைப் பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் பாருங்கள். செதில் தட்டையாக, நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும், ஊசிமுனையால் அழுத்தினால் படக்கென்று உடையும். உருண்டை பெரும்பாலும் உள்ளே பொள்ளல். மேக்னடைட் மணி கெட்டியாக, பளபளப்பான கறுப்பாக, முனை மழுங்கியோ எண்முகமாகவோ இருக்கும், உடையாது. செதிலின் எண்ணிக்கையை மட்டும் வரைபடத்தில் ஏற்றினால் பட்டறைக்கல் நின்ற இடம் ஒரு மேடாகத் தெரியும். அடுப்பு அதிலிருந்து ஓரிரு எட்டுக்குள் இருக்கும்.

மண் எவ்வளவு எளிதில் காந்தமாகிறது என்று அளக்கும் காந்த ஏற்புத்திறன் மானி கையில் இருந்தால் அதே கட்டத்தில் முதலில் அதை ஓட்டிவிடலாம். வளைய உணரி தரையில் படிந்து உட்கார வேண்டும். மேல் 10 செ.மீ. மண்ணை மட்டுமே அது பார்க்கும், வேர்த்தாள் இடையில் இருந்தால் எண் சரியும்.

மின்தடையும் ரேடாரும்

இவற்றை நிலம் முழுக்க ஓட்டுவது பணவிரயம். காந்த வரைபடம் சொன்ன இடங்களில் மட்டும் பயன்படுத்துங்கள்.

கசட்டு மேட்டின் கனத்தை அறிய மின்தடைக் குறுக்குவெட்டு ஏற்றது. 0.5 மீட்டருக்கு ஒன்றாக 48 மின்முனைகள், 23.5 மீட்டர் கோடு, அளக்கும் நான்கு முனைகளும் சம இடைவெளியில் அமையும் வென்னர் அமைப்பு. ஏறத்தாழ 4 மீட்டர் ஆழம் வரை தெரியும். வறண்ட காட்டில் மின்முனைக்கும் மண்ணுக்கும் தொடர்பு கிடைக்காது. ஒவ்வொரு முனையடியிலும் ஒரு டம்ளர் உப்புநீர் ஊற்றுங்கள், கல் இடறினால் களிமண் குழம்பு வைத்து அழுத்துங்கள். கசடும் கல்லும் மின்தடையில் ஒன்றுபோல் தெரியலாம். கருவியில் தூண்டு முனைவாக்கம் அளக்கும் வசதி இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள்: உலோகத் துளி கலந்த கசடு மின்சாரத்தைச் சற்று நேரம் பிடித்துவைத்து விடும், சாதாரணக் கல் அப்படிச் செய்யாது.

மேட்டின் கன அளவு தெரிந்தால் உற்பத்தியைக் கணக்கிடத் தோன்றும். 24 கன மீட்டர் மேடு என்றால் 24 கன மீட்டர் கசடு என்று எழுதிவிடாதீர்கள். நடுவே சாம்பல், மண், கரி, சுவர்த் துண்டு எல்லாம் கலந்திருக்கும். உரிமத்தோடு எடுக்கும் சோதனைக் குழியில் அரைக் கன மீட்டரையாவது சலித்து, கசட்டை மட்டும் நிறுத்து, அந்த விகிதத்தால் பெருக்க வேண்டும்.

தரை ஊடுருவும் ரேடார் செம்மண்ணிலும் மணற்பாங்கான மண்ணிலும் உதவும். 400 மெகாஹெர்ட்ஸ் ஆண்டெனா, கோட்டுக்குக் கோடு 0.25 மீட்டர், இலக்கைச் சுற்றி 10 மீட்டர் சதுரம் போதும். அலைவேகத்தை அங்குள்ள கல்லின் வளைவிலிருந்து கணக்கிடுங்கள்: நானோ நொடிக்கு 0.09 மீட்டர் வந்தால் 20 நானோ நொடியில் திரும்பும் எதிரொலி 0.9 மீட்டர் ஆழத்தது. கிடைமட்டத் துண்டுகளில் வட்டமான சுவர் தெரிந்தால் காந்த ஜோடியின் பூஜ்யக் கோட்டோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள். கரிசல் மண்ணில் ரேடாரைத் தூக்கவே வேண்டாம், அலை அரை மீட்டருக்குள் செத்துவிடும்.

இடத்தை ஒப்படைப்பது

ஒவ்வோர் இலக்குக்கும் ஒரே தாளில் எழுதுங்கள்: புல எண், கட்ட எண், பூஜ்யம் கடக்கும் புள்ளியின் கிழக்கு வடக்கு அளவு, உச்சம், பள்ளம், இடைத் தூரம், திசை விலகல், ஆழக் கணிப்பு, மேலே கிடைத்த சுவர்த் துண்டின் எடை. உச்சத்தின் இடத்தை எழுதாதீர்கள். தோண்டுகிறவர் அங்கேதான் முளை அடிப்பார். குழி இலக்கின் மேல் நடுவாக விழாமல், பூஜ்யக் கோட்டை வடக்கு தெற்காகப் பாதியாக வெட்டும்படி 2 மீட்டருக்கு 1 மீட்டர் அமையட்டும். பாதி உலை மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும், மறுபாதியின் குறுக்குவெட்டு கண்ணுக்குத் தெரியும்.

உலைச்சுவர் வெளியே வந்ததும் ஒரு துண்டையும் பிடுங்க வேண்டாம் என்று அகழ்கிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கருவி நமக்குக் காட்டிய அதே காந்தத் திசை, உலை கடைசியாக ஆறிய காலத்தைக் கணிக்கவும் உதவும். அதற்குத் துண்டின் மேல் தட்டையாகப் பிளாஸ்டர் ஊற்றி, கிடைமட்டத்தையும் வடக்கையும் அதில் கோடு போட்ட பிறகே பெயர்த்தெடுக்க வேண்டும். அருகில் இரும்புக் கரண்டியோ மண்வெட்டியோ இருந்தால் திசைகாட்டி பிசகும், உலையே திசைகாட்டியை இழுக்கும். ஆகவே வடக்கைச் சூரிய நிழலாலோ, தள்ளி நிறுத்திய டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியாலோ எடுங்கள். கையால் ஒரு முறை அசைந்துவிட்ட துண்டு அதற்குப் பிறகு வெறும் சுட்ட மண்தான்.